மல்லிகைக் காரின் பெட்ரோல் மூடி

மச்சான்,

இன்று காலை உங்கள் காரில் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். பைப்பைக் கழற்றியதும் முழங்கை வரை வழிந்துவிட்டது. சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. அதே கையோடு மல்லிகை மூட்டையைத் தூக்கினேன். பெட்ரோலும் பூவும் கலந்த அந்த வாசம்தான் உங்கள் சட்டையில் எப்போதும் அடிக்கும். கொஞ்ச நேரம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பூ ஏற்ற வேன் வாங்க வசதியில்லை. பழைய காரின் பின் சீட்டைக் கழற்றி, தலைமேல் கேரியர் போட்டு ஓட்டினீர்கள். அக்காவும் கூடப் போகத் தொடங்கிய சமயம் பார்த்து, அது பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. "இவ வண்டில கால் வச்ச நாள்லருந்துதேன் இப்புடி" என்று உங்கள் அம்மா முணுமுணுத்தார். அக்கா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அவளுக்காகவே அந்தக் காரைச் சரிசெய்ய வேண்டும் என்று நின்றீர்கள்.

புது இன்ஜின் வை என்றவர்கள் பேச்சை நீங்கள் காதில் வாங்கவில்லை. பழைய இரும்புக் கடையில், நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து எலக்ட்ரிக் பம்பைக் கழற்றி வந்தீர்கள். துருப்பிடித்த பைப்பை மாற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்து ஊதிச் சுத்தம் செய்தோம். ஆனால் வெறுங்காரில் டியூனிங் செய்ய மாட்டீர்கள். "மூட்டைய ஏத்து மாப்ள. சும்மா நிக்கிறப்ப எல்லா வண்டியும் நல்லாத்தேன் ஓடும்" என்பீர்கள். பூவோடு மேட்டில் ஏற்றிப் பார்த்து, இறங்கி, ஸ்குரூவைத் துளி திருகி, மறுபடி ஏற்றுவீர்கள்.

அவ்வளவு செய்தும் கொடைரோடு தாண்டி நின்றது. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவைச் சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தீர்கள். உஸ்ஸென்று டேங்க் காற்றை இழுத்தது. மேலே ஈர மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாதென்று, மூடியின் மேல் பாலிதீன் கவரைச் சுற்றி வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூடியில் இருந்த காற்றுத் துளை அடைபட்டுப் பெட்ரோல் போக வழியில்லை. டேங்க் முதல் இன்ஜின் வரை நோண்டிய நம் இருவருக்கும், தினமும் பார்த்த அந்தக் கவர்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

"கவரு போட்டது நாந்தேன்" என்று அக்கா அழுதுவிட்டாள்.

"அழாத புள்ள. வீட்டுல பம்புதேன் மக்கர்னு சொல்லிக்கிருவோம். மாப்ள, நீயும் அதையே சொல்லு" என்றீர்கள். அதற்குப் பிறகு கார் ஒருநாளும் நிற்கவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு அந்த வீட்டில் அக்காவும் உங்கள் அம்மாவும் முகம் பார்த்துப் பேசவில்லை. போன மாதம் அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவரப் போனேன். துணிப்பையைத் தூக்கியவள், வாசல் வரை வந்து திரும்பினாள். "அத்தே, அன்னைக்கு வண்டி நின்டது பம்பால இல்ல. நான் போட்ட கவராலதேன்" என்றாள்.

உங்கள் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ சும்மா போத்தி வச்ச தாயி. பறந்துருமேன்னு தெனமும் நார வச்சு இறுக்கிக் கட்டுனவ நானு. அன்னைக்கு வண்டி கவரில்லாம வந்து, அப்பறம் நிக்காம ஓடவும் எனக்கு வெளங்கிருச்சு; நாந்தேன் கட்டுனேன்னு அவன்ட்ட சொன்னேன். அவளுக்குத் தெரிய வேணாம்மா, பம்புன்னே இருக்கட்டும்னுட்டான்" என்றார்.

எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது, மச்சான். இரண்டு பேரையும் காப்பாற்றுகிறேன் என்று, இரண்டு பேரையும் தனித்தனியாகக் குமைய விட்டுவிட்டீர்களே! அப்புறம் அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தபோது அந்தக் கோபம் நிற்கவில்லை. அக்கா என்னோடு வரவில்லை. இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் பூ ஏற்றுகிறார்கள்.

சந்தையில் யாராவது அந்தக் கார் அப்போது ஏன் அப்படி நின்றது என்று கேட்டால், நான் மட்டும் இன்னமும் பம்பு என்றுதான் சொல்கிறேன். நீங்கள் சொல்லச் சொன்னது அது ஒன்றுதானே.