மருந்து கேட்கப் போனவள்

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் முப்பத்தொரு வருடமாக டோக்கன் கொடுப்பவன் சொல்லி எழுதுவது. மகன் வீட்டில் சுகமாக இருக்கிறீர்கள், முழங்கால் ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது என்று கம்பவுண்டர் சொன்னார். சந்தோஷம்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். இதை எழுதுவது என் வீட்டுக்காரி. வேறு ஆளை வைத்து எழுதக்கூடிய சமாச்சாரம் இல்லை. அவள் இடையிடையே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். கடிதம் நின்று நின்றுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வெளிச்சுவருக்குப் புது வர்ணம் அடித்தாகிவிட்டது. நீங்கள் உட்கார்ந்த அறையில் உங்கள் படத்தை மாட்டப் போகிறார்கள். அடுத்த மாதம் உங்களுக்கு நடத்தும் பாராட்டு விழாவுக்கு நீங்கள் வரும்போது, பழைய ஆள் என்பதால் பரிசை என் கையால் தரச் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகத் தலையாட்டினேன். அது போன மாதம். இப்போது தரமுடியுமா என்று தெரியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. முதல்நாள் நான் பல் பிடுங்கிக்கொண்டு லீவில் இருந்தேன். உங்கள் அறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி டோக்கன் நாற்பத்திரண்டு. நீங்கள் கை கழுவினீர்கள், நான் துண்டை நீட்டினேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, "உன் வீட்டுக்காரி நேத்து வந்திருந்தா. அவளுக்கு அந்தக் காலமெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. இனிமே அவளைத் தொந்தரவு பண்ணாம இரு" என்றீர்கள். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

என் மனைவி நான் இல்லாத நாளாகப் பார்த்து என் முதலாளியிடமே வந்து என்னைப் பற்றிப் பிராது கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும்? வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகு வலி, காற்று வேண்டும் என்று சொல்லிக் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். நீங்கள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்தவன் நான். என் அம்மா சொல்லைக்கூட அப்படிக் கேட்டதில்லை.

அதிலிருந்து அவள் டீயைக் கையில் தரமாட்டாள், ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். என் விரல் பட்டால்கூடத் தொந்தரவு போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். தொட்டால் எனக்குப் பிடிக்காது என்று அவள் நினைத்திருக்கிறாள். அச்சகத்தில் நாள் முழுக்கத் தாள் மடிக்கிறவள், வீட்டுக்கு வந்து என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். நானும் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் அவளுக்கு மூத்திரக் கடுப்பு. இந்த வருடத்தில் நாலாவது தடவை. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன், சின்னப் பெண்தான். நாற்பத்தைந்து தாண்டிய எல்லாப் பெண்களிடமும் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கும். கீழே வறட்சி, எரிச்சல் இருக்கிறதா, சேரும்போது வலிக்கிறதா என்று, இருமல் இருக்கிறதா என்று கேட்பது மாதிரியே கேட்கும். இவள், "அதெல்லாம் எதுக்குங்க இப்போ, பெரிய டாக்டர் அன்னைக்கே சிரிச்சுட்டாங்க" என்று சொல்லி அழுதிருக்கிறாள். பிறகு அவள் சம்மதம் கேட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

அங்கே வைத்துத்தான் கேட்டேன், "என்னைப் பத்தி நீதானே வந்து பிராது குடுத்தே?" என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பிராதா? நான் மருந்து கேக்கத்தானே வந்தேன். வலிக்குது, அவர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு, இதுக்கு ஏதாவது குடுங்கன்னேன். பேரன் எடுக்குற வயசுல உனக்கு இது எதுக்கும்மான்னு சிரிச்சாங்க. எழுந்து வந்துட்டேன். மறுநாளே நீங்க கட்டிலைத் தூக்கிட்டுப் போனீங்க. கிழவி ஆயிட்டேன், சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்" என்றாள்.

மாதவிலக்கு நின்றபிறகு அந்த இடத்தில் ஈரம் குறைந்து தோல் மெலிந்துபோகுமாம். கடுப்பு திரும்பத் திரும்ப வருவதும் அதனாலேயே இருக்கலாமாம். ஆசை இருக்கிறது இல்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். பரிசோதித்துவிட்டுப் பூசும் மருந்து எழுதித் தந்தார்கள். இந்த மருந்து பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது அந்தப் பெண். அது ஏன் குனிய வேண்டும், சொல்லுங்கள்.

என் மேலும் தப்பு இருக்கிறது. வாசலில் நின்று "என்னம்மா கோளாறு?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பேன். எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைவலி என்று சொல்லியிருப்பார்கள்! இப்போது டோக்கனை மட்டும் நீட்டுகிறேன். "உங்க காதுதான் எப்பவும் டாக்டர் கதவுலயே தொங்குமே, என் வாயிலேர்ந்து மட்டும் எதுவும் விழலையா?" என்று வீட்டில் இவள் கேட்டாள். இதை எழுத வேண்டாம் என்றாள், நான்தான் எழுதச் சொன்னேன்.

ஆனால் அம்மா, நான் கேட்காமல் விட்டவன். நீங்கள் தெரிந்தவர். உங்களிடம் அடைத்த கதவுக்குள் சொன்ன பேச்சை என்னிடம் கொண்டுவந்தீர்கள். அதையும் முழுசாகக் கொண்டுவரவில்லை. அவள் கேட்ட மருந்தை விட்டுவிட்டு, அவள் சொல்லாத ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். கட்டில் இப்போது எந்த அறையில் கிடக்கிறது என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

விழாவில் வைத்து எதுவும் கேட்கமாட்டேன். உங்களை நாலு பேர் முன்னால் குனிய வைக்க எனக்கு மனசு வராது. அதற்கு முன்னால் அவள் பெயருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீ கேட்டது நியாயம், நான் சிரித்தது தப்பு, அவனிடம் சொன்னது அதைவிடத் தப்பு என்று எழுதுங்கள். எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வந்த கடிதத்தை அவள் படித்துக் காட்டினால் கேட்டுக்கொள்வேன். காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டேன். பரிசை நான் தருவதா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தெம்போடு நெடுநாள் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் நிற்கும் டோக்கன்காரன்