விலகிப் போகச் சொன்ன கரை

அத்தான்,

இன்று காலை உங்கள் மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே, பாய்மரப் படகுக்காரர்களுக்கான அந்தக் கடல் வழிகாட்டிப் புத்தகத்தின் புதிய பதிப்பு. பிரித்ததும் வழவழப்பான தாளின் மணம் அடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் கொண்டுவரும் பழைய பிரதிகளில் டீசலும் உப்பும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை இருக்கும். புத்தகத்தைத் திறந்தாலே நீங்கள் லீவில் வந்துவிட்டது போல இருக்கும்.

நேரே நம் கரை வரும் பக்கத்துக்குப் போனேன். காணோம். திருகோணமலை முடிந்ததும் அந்தமான் தொடங்கிவிடுகிறது. நமக்கென்று இருந்த அந்த ஒற்றை வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்கள். அதனோடு நான் எத்தனை வருஷம் மல்லுக்கு நின்றேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். இப்போது வாக்கியமும் இல்லை, நீங்களும் இல்லை.

உடனே உங்கள் மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் சிரித்தாள்.

"மாமா, என்னை ஏன் திட்டுறீங்க? நானா எழுதினேன்? கடைசிப் பக்கத்தைப் பாருங்க. திருத்தம் இருந்தா படிக்கிறவங்க அனுப்பலாம்னு போட்டிருக்கான். நீங்களும் அப்பாவும் போய் அளந்தீங்கல்ல? அதை எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் டைப் பண்ணி மெயில் போட்டுடுறேன்."

அதற்காகத்தான் உட்கார்ந்தேன். முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் பேனா நிற்கிறது. எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு நீங்கள் மலேசியாவில் லங்காவித் தீவுக்குப் போனீர்கள். ஒரு வெள்ளைக்காரரின் சொந்தப் பாய்மரப் படகில் எஞ்சின் மெக்கானிக். யாட் என்பீர்கள். வருஷத்தில் பாதி நாள் அவர் அந்த யாட்டில் தீவு தீவாகச் சுற்றுவார், நீங்களும் கூடச் சுற்றுவீர்கள். முதல் லீவில் எல்லோருக்கும் சாக்லேட்டும் சென்ட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் அட்டை பிய்ந்த ஒரு தடிப் புத்தகத்தை நீட்டினீர்கள். "முதலாளி புதுசு வாங்கிட்டாரு, பழசைத் தூக்கிப் போடச் சொன்னாரு. உனக்குத்தான் எழுத்துன்னா போதுமே மாப்ளே, பஜ்ஜி மடிச்ச பேப்பரைக்கூட விடமாட்டியே."

எட்டாம் வகுப்போடு என்னை வயலில் இறக்கிவிட்டார்கள். அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு, யாரையும் மன்னிக்கவில்லை. ஒரு அகராதியை வைத்துக்கொண்டு, பம்புசெட் கொட்டகையில் தண்ணீர் பாயும் நேரமெல்லாம் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஒரு சம்பா பூராவும் ஆனது. என் இங்கிலீஷ் அங்கே வந்ததுதான். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குக் கொடுக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் என்னை இழுத்தது எது என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒரு முன்பின் தெரியாதவன் படகோடு வரப்போகிறான் என்று, அவனுக்காக எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குடாவுக்குள் உச்சிப்பொழுதில் நுழைய வேண்டும், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தண்ணீரின் நிறத்தை எப்படிப் பார்க்க வேண்டும், நல்ல குடிதண்ணீர் எந்தத் துறையில் கிடைக்கும், எந்தக் கடையில் ஐஸ் விற்கிறார்கள், விடியற்காலை பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள் திடுக்கிட வேண்டாம் என்பது வரைக்கும். வருகிறவன் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற எழுத்து. எனக்காக யாரும் அப்படி எதையும் எழுதி வைத்ததில்லை.

நான் பார்க்காத குடாக்கள் எனக்கு மனப்பாடம். ஆடியில் வாய்க்காலில் புதுத் தண்ணீர் செங்காவியாக வரும்போது வரப்பில் நின்று, பச்சை என்றால் ஆழம் குறைவு, கருநீலம் என்றால் பயமில்லை என்று சொல்லிப் பார்ப்பேன். அந்தக் கருநீலத் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை, அத்தான். "ஒருநாள் கூட்டிட்டுப் போறேன் மாப்ளே" என்று ஒவ்வொரு லீவிலும் சொல்வீர்கள். நான் பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்தேன். அது பெட்டியிலேயே காலாவதி ஆனது.

ஆனால் நம் கரைக்கு ஒரே வரி. ஒதுங்க இடமில்லை, ஆழம் குறைவு, வலைகள் அதிகம், விலகிச் செல்லவும். அவ்வளவுதான். இரண்டாவது லீவில் நீங்கள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தப் பக்கத்தைப் பிரித்து உங்கள் முன்னால் நீட்டினேன்.

"சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றீர்கள்.

"என்ன சரி? தரங்கம்பாடி ஒண்ணுமில்லாத ஊரா? டேனிஷ்காரன் வந்து கோட்டை கட்டினப்ப மட்டும் இடம் இருந்துச்சா?"

"அவன் கப்பலைத் தூரத்துல நிறுத்திட்டுச் சின்னப் படகுல வந்தான். யாட்டுக்கு அடியில, சாயாம இருக்க, ஆறடிக்குக் கீல்னு ஒரு கனமான பலகை தொங்குது மாப்ளே. எங்க கொண்டாந்து நிறுத்துவான்? உன் நடவு வயல்லயா?"

அக்கா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு அடிச்சுக்குங்க" என்றாள். அன்று முதல் நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் அந்த வரி நமக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, இவர் கப்பலுக்கு வழி பார்க்கிறார் என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் வேலையை விட்டு, முழங்கால் வலியோடு கும்பகோணத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, ஒருநாள் டிகிரி காபியை ஆற்றிக்கொண்டே, "சரி மாப்ளே, உன் கரைக்கு நாமளே ஒரு பக்கம் எழுதி அந்தப் புத்தகக்காரனுக்கு அனுப்புவோம்" என்றீர்கள். அன்று பஸ்ஸில் நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

பங்குனி மாதம். அறுவடை முடிந்து வயலில் உளுந்து நின்றது. கடல் தட்டையாகக் கிடந்தது. தரங்கம்பாடியில் கலியன் என்பவருடைய ஃபைபர் படகைப் பேசி வைத்திருந்தீர்கள். ஆழம் பார்க்க ஒரு ஈயக்குண்டு. அதன் அடியில் இருக்கும் குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் கடல்தரை மண் ஒட்டிக்கொண்டு வரும் என்று புத்தகம் சொல்கிறது. கொழுப்புக்கு எங்கே போவது? அக்காவின் துணி சோப்பைக் குழைத்து அப்பினோம்.

கோட்டை கைப்பிடி அளவுக்குச் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் குண்டை இறக்கினோம். மேலே இழுத்தபோது சோப்பில் கறுப்பாக ஒட்டியிருந்தது. நான் வழித்தெடுத்து விரலில் தேய்த்தேன். மோந்தேன். உப்பு வாடைக்கு அடியில் வேறொன்று இருந்தது. நாற்றங்காலில் இறங்கிய எவனுக்கும் அது தெரியும்.

"அத்தான், இது காவிரி வண்டல். நம்ம மண்ணு."

"அப்ப ஜமாபந்தியில மனு குடு, கடலுக்கும் பட்டா போட்டுத் தருவாங்க" என்று சொல்லிக் கலியனைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். ஆனால் நீங்களும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். நான் கவனித்தேன்.

சேறு என்றால் நங்கூரத்துக்கு நல்ல பிடிப்பு. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருப்பது. ஆனால் போட்டால் மட்டும் போதாது. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரத்தைத் தரைக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். கலியனின் எஞ்சினுக்குப் பின்னோக்கி ஓடத் தெரியாது. கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டி முன்னோக்கி ஓட்டச் சொன்னேன். நீங்களே எஞ்சினைப் பிடித்தீர்கள். கயிறு விறைத்தது. படகு இம்மியும் நகரவில்லை.

"பாத்தீங்களா!" என்று நான் எழுந்து நின்றே விட்டேன்.

திரும்ப எடுக்கப் போனபோது நங்கூரம் வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுத்தோம். கலியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரே, மீன் பிடிக்க நங்கூரம் போட்டுப் பாத்திருக்கேன். கடலை உழுறதுக்குப் போட்டது நீங்கதான்."

கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டுக் கரைக்கு வந்தோம். மறுநாளே அவருக்குப் புது நங்கூரம் வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கு அன்று தோல்வியாகவே தெரியவில்லை. கோட்டைக்கு எதிரே டீக்கடையில் பேனாவை உங்கள் கையில் கொடுத்து, "எழுதுங்க. சேறு, மிக நல்ல பிடிப்பு" என்றேன்.

நீங்கள் எழுதவில்லை.

"அது சேறு இல்ல மாப்ளே. ஏதோ பழைய வலையில மாட்டியிருக்கு. இல்லன்னா சுனாமியில போன படகா இருக்கும். சேறா இருந்தா கொஞ்சமாவது அசைஞ்சு குடுக்கும்."

"பாத்தீங்களா?"

"நீ பாத்தியா?"

"என் கையில இருந்துச்சு மண்ணு. நான் பாக்காத சேறா?"

நீங்கள் பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. "நல்ல பிடிப்புன்னு நாம எழுதினா, அதை நம்பி ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையோட ராத்திரி அங்க நங்கூரம் போட்டுத் தூங்குவான். காத்து மாறி அது புடுங்கிக்கிட்டா படகு நேரா கரையில அடிச்சு உடையும். உன் ரோஷத்துக்கு அவன் சாகணுமா?"

எனக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து தனியாக பஸ் ஏறிவிட்டேன். உளுந்து எடுத்து, குறுவை நட்டு, அதையும் அறுக்கும் வரை உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா போன் பண்ணுவாள். "அவரு தெனம் உன்னைக் கேக்குறாருடா." நான் சொல்வேன், "ஒரு வரி எழுதச் சொல்லு, வரேன்."

உங்களைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றபோதுதான் வந்தேன். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குழாயைச் சற்றே விலக்கினீர்கள்.

"மாப்ளே. அனுப்பிட்டியா?"

"நீங்க ஒத்துக்கிட்டா அனுப்புவேன்."

சிரிக்கப் பார்த்து இருமல் வந்துவிட்டது. நர்ஸ் என்னை முறைத்தாள். இருமல் அடங்கியதும், "வலைதான்டா" என்றீர்கள்.

"சேறுதான்" என்றேன் நான்.

நாம் பேசிய கடைசிப் பேச்சு அது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அக்கா இன்றும் குறைப்படுகிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? நாம் இருவரும் அந்த அறையில் இல்லை. பங்குனி வெயிலில், ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் இருந்தோம்.

பூம்புகாரில் உங்கள் சாம்பலைக் கரைத்தோம். எல்லோரும் கரையேறிய பிறகும் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். "மாமா, மேல வாங்க, அலை பெருசா வருது" என்று உங்கள் மகள் கூப்பிட்டாள். நான் அழுவதாக நினைத்திருப்பாள். காலால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணல்தான். சேறு இன்னும் உள்ளே, நீங்கள் போகிற பக்கம்.

இப்போது யாரோடு படிப்பது, அத்தான்? பிள்ளைகளிடம் கீல் என்றால் போனை நீட்டுகிறார்கள். தேடினால் படம் வருகிறது. உன் நடவு வயலிலா நிறுத்துவான் என்று கேட்க அதற்குத் தெரியவில்லை. மழை வரும்போல இருக்கும் மாலைகளில் நம் வீட்டு வாசல் வரை ஒரு காற்று வருகிறதல்லவா, கிழக்கிலிருந்து, ஈரமாக. எங்கோ ஒருத்தன் இந்தக் காற்றில் பாய் கட்டிக்கொண்டு போகிறான், அவனிடம் எங்கள் கரையைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை என்று நினைப்பேன். அப்போது உங்கள் குரல் வேண்டும் போல இருக்கும். திட்டினால்கூடப் போதும்.

இன்று எழுதியதை உங்களுக்குச் சொல்கிறேன். கடலிலிருந்து பார்த்தால் முதலில் கோட்டை தெரியும், பிறகு தேவாலயம். கம்பில் கறுப்புக் கொடி கட்டி மிதந்தால் அங்கே வலை கிடக்கிறது, சுற்றிப் போகவும். விடியும் முன் படகுகள் விளக்கில்லாமல் வெளியே வரும். ஐப்பசி முதல் தை வரை இந்தப் பக்கமே வர வேண்டாம். தரை, காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். இதுவரை ஒரே மூச்சில் எழுதினேன். பிடிப்பு என்று எழுதி, அதற்கு மேல் நகராமல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொன்ன அந்த ஆள், பெண்டாட்டி பிள்ளையோடு தூங்குகிறவன், என்னை விட்டுப் போகவில்லை. பேரும் முகமும் தெரியாத அவனை நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு, சற்று முன் அவனுக்காக எழுதினேன்: ஒருமுறை போட்ட நங்கூரம் மேலே வரவில்லை, கீழே பழைய வலை இருக்கலாம், பிடிப்பை நம்ப வேண்டாம், விலகிச் செல்லவும்.

இரண்டு பேர் பெயரையும் கீழே போட்டேன், உங்களுடையதை முதலில். படம் எடுத்து உங்கள் மகளுக்கு அனுப்பியும் விட்டேன். அது அவனுக்கு. உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

சேறுதான், அத்தான்.