லெப்டொப்புக்குள் ஒரு பழைய போன்

பெப்ரவரி 9

நான் படிப்பித்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் சுப்பம்மா என்றொரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "டீச்சர், எக்ஸுன்னு ஒன்னு இல்லவே இல்லையே. இல்லாதத எப்படிக் கூட்டுறீங்க?" மாங்காயை வைத்து ஏதோ உதாரணம் சொல்லி உட்கார வைத்தேன். இன்று அந்தக் கேள்வி திரும்பி வந்தது. மெய்நிகர் இயந்திரம் என்று ஒன்று இருக்கிறதாம். கணினிக்குள் இல்லாத இன்னொரு கணினி. அதைப் போன் போலவும் நடக்க வைக்கலாம். நான் எழுதும் வாய்ப்பாட்டுச் செயலியை ஓட்டிப் பார்க்க எனக்கு அது வேண்டும். வேறு போனுக்கு எங்கே போவது?

என்னோடு ஓய்வுபெற்ற பஸ்லியா டீச்சருக்கு இந்தக் கவலை இல்லை. மகன் கட்டாரிலிருந்து புதுப் போன், புது லெப்டொப் எல்லாம் அனுப்பியிருக்கிறான். சிங்களச் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் செயலியை முடித்தும்விட்டார். இப்போதைய பள்ளி அதிபர் ஸ்ரீதரன் வட்ஸ்அப் குழுவில் பூவாகப் போட்டுத் தள்ளுகிறார். காலமெல்லாம் கணிதம் எடுத்தது நான். அவர் மனைப்பொருளியல். சின்ன வயதில் ஸ்ரீதரனுக்குப் பின்னம் புரிய வைத்தது யார்?

பெப்ரவரி 15

பொறாமை இல்லை. எழுதியே வைக்கிறேன்.

பெப்ரவரி 16

பொறாமைதான்.

பெப்ரவரி 20

மென்பொருளை நிறுவினேன். இயந்திரம் எழும்பவில்லை. லெப்டொப்பின் அடிப்படை அமைப்பில் மெய்நிகராக்கம் மூடிக் கிடந்ததாம். உள்ளே போய்த் திறந்துவிட்டேன். அடுத்து, போனின் இயங்குதளத்தை இறக்க வேண்டும். புதிய பதிப்புகள் எல்லாம் பெரிய கோப்புகள். மழை இறங்கினால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் இல்லை. ரீலோட் போட்ட டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடும். இருப்பதில் மிகச் சிறியதை இறக்கினேன். எந்த வருடத்தது என்று பார்க்கவும் இல்லை.

இவர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, வீட்டுக்குள்ளயே இன்னொரு வீடு கட்டுறீங்களா?"

"ஆமாங்க. அதுல ஒங்களுக்கு எடமில்ல."

பெப்ரவரி 23

லெப்டொப் உறைந்து நின்றது. பிழை என்னுடையது. பஸ்லியாவின் போனைப் போல ஓட வேண்டும் என்று இருந்த நினைவகத்தை எல்லாம் உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டேன். தோட்டத் தொழிலாளர் லைனின் ஒற்றை அறையில் விருந்தாளிக்காகத் தடுப்புக் கட்டுவோம். அதை அடுப்பு வரை தள்ளிவிட்டால் சோறு எங்கே ஆக்குவது? பாதியாகக் குறைத்தேன். எழும்பியது! திரைக்குள் ஒரு போன், மூச்சு வாங்கிக்கொண்டு. சுப்பம்மாவின் எக்ஸ்.

மார்ச் 2

என் செயலி அதற்குள் ஏழாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொன்னது. உடனே அதிபரை அழைத்தேன்.

"நல்லது டீச்சர். ஆனா பதினாறாந் தேதி பெத்தவங்க கூட்டத்துல பஸ்லியா டீச்சரோடத மட்டும் எல்லாரு போன்லயும் ஏத்திக் குடுப்போம். ஒங்களோடத அடுத்த தவணைக்குப் பாப்போமே."

பாப்போமே!

மார்ச் 6

குறை பிடிக்கத்தான் பஸ்லியாவின் செயலியை லெப்டொப்புக்குள் இருக்கும் என் போனில் போட்டேன். இங்கே எனக்கு நானே எதற்கு மறைக்க?

ஏறவில்லை. பிழை என்றது. என் கைத்தவறோ என்று மறுபடி போட்டேன். மறுபடி பிழை. என்னுடையதோ சிரமமில்லாமல் ஏறுகிறது. பிறகுதான் விளங்கியது. நான் டேட்டாவுக்குப் பயந்து இறக்கியது மிகப் பழைய பதிப்பு. அவர் தன் புதுப் போனில் மட்டும் பார்த்துவிட்டு முடித்திருக்கிறார்.

சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

மார்ச் 8

சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

மார்ச் 11

கீழ்ப் பிரிவில் கொழுந்து பறிக்கும் தங்கம்மா கடையில் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், அந்த சிங்களப் பாடம் எம் போன்ல ஏறுங்களா? மக பஸ்ஸுல எறங்குற எடத்த சிங்களத்துல சொல்லக்கூட வாயத் தொறக்க மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி வெடித்த போன். அமைப்புக்குள் போனால் அதே பழைய பதிப்பு.

"ஏறலன்னா அத்தன பேரு முன்னால போன மறைச்சுக்கிட்டு நிக்கணும்ங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்ப் பிரிவில் முக்கால்வாசிப் பேரிடம் இதுதானே இருக்கும். நான் யாரைத் தோற்கடிக்கப் பார்க்கிறேன்? பஸ்லியாவையா, இவளையா?

மார்ச் 12

பஸ்லியாவை அழைத்து, செயலி பழைய பதிப்பில் ஏறவில்லை என்றேன். "ஒங்கட லெப்டொப்புல கோளாறு ஈக்கும் டீச்சர். எனக்கு நல்லா வேல செய்யுதே" என்றார். போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. "பஸ் ஏறி வந்து ஒங்க கண்ணால பாருங்க" என்றேன்.

மார்ச் 13

வந்தார். லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு. திரைக்குள் போனைப் பார்த்ததும், "அல்லாவே! இத நீங்களா செஞ்ச? எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே!"

அவர் செயலி அவர் கண் முன்னேயே ஏற மறுத்தது. பாவம், முகம் சுண்டிவிட்டது. எந்தப் பதிப்பு முதல் வேலை செய்ய வேண்டும் என்ற ஒரு எண்ணை மிக உயரத்தில் வைத்திருந்தார். அதைக் குறைத்து, செயலியை மறுபடி கட்டி, போட்டோம். என் பழைய போன் மூச்சு வாங்கிவிட்டு, பஸ்லியாவின் குரலிலேயே பேசியது: "வத்துர. தண்ணீர்."

"மகன் எவ்வளவு சாமான் அனுப்பி ஈக்கி. இப்பிடி ஒன்டு இல்லையே" என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பெப்ரவரி முழுக்க நான் வைத்துக்கொண்டிருந்தது.

மார்ச் 16

எல்லாப் போனிலும் ஏறியது. தங்கம்மா தன்னுடையதைக் காதில் வைத்தபடியே வெளியே போனாள். அதிபர் பஸ்லியாவுக்கு மாலை போட்டார். மேடையில் என் பெயர் வரவில்லை. கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தானா? சரி, நிறைய.

வாசலில் பஸ்லியா கையைப் பிடித்தார். "அந்த உள்ளுக்க ஈக்கிற போன எனக்கும் வெச்சுத் தாங்க டீச்சர். ஒங்கடத விடப் பழசா ஒன்டு."

என்னுடையதைவிடவா! நாளை வருகிறார். அவருக்காக முதல் பாடத்தை இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்:

நீங்கள் செய்ததை யாருக்கும் கொடுக்குமுன், கிடைப்பதில் மிகப் பழைய போன் ஒன்றில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.