லத்தீன் படித்த யானை

பாராடாங் தீவு, மரம் வெட்டும் கூப்பு, 1958

அன்புள்ள செலஸ்தீன் அக்காவுக்குத் தம்பி ரொசாரியோ வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? யாரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். உன் பிள்ளைகளுக்கு நான் அனுப்பும் இந்த மாத லத்தீன் பாடம் இதுதான்; வாசித்துக் காட்டு.

இங்கே மரம் இழுக்கும் யானை இந்திக்கு மசியாது. நான் “வெனீத்தே!” என்றேன். ‘வாருங்கள்’ என்று அர்த்தம். அது அடுத்த தீவிலிருந்து நீந்தி வந்து முழங்காலிட்டது.

“க்யா மிஸ்திரி, என்ன மந்திரம்?” என்றான் பாகன்.

“எங்க ஊர்ப் பூசை பாஷைடா!”

கிறிஸ்மஸுக்கு லீவு இல்லையாம். கொஞ்சம் கருவாடு அனுப்பு. கடல் நடுவே இருந்துகொண்டு கேட்கிறேன், சிரிக்காதே. பிள்ளைகளையும் லத்தீனில் ஒரு வரி எழுதச் சொல். தபால் கப்பல் ஊதிவிட்டது.

யானை வரவில்லை அக்கா. கடலைப் பார்த்து “வெனீத்தே” என்று நான் கத்தியது மட்டும் நிஜம்.