ஐந்தாவது வரியில் ஒரு சொல்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே கறுத்துக் கிடக்கிறது, மழையைத்தான் காணோம். உடுப்பைக் காயப் போடுவதா வேண்டாமா என்று இரண்டு தரம் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினேன்.

வேலை: கொள்ளுப்பிட்டியில் குழந்தைகள் சிகிச்சை நிலையம் ஒன்றின் இணையத்தளம். மெனுவைத் திருத்த வேண்டும். பதினான்கு தலைப்புகள். எங்கள் நோக்கு, எங்கள் பணி, எங்கள் பயணம். எல்லாம் எங்கள், எங்கள். பிள்ளையைக் கூட்டிவர நேரம் கேட்கும் இடம் எங்கே? 'சேவைகள்', அதற்குள் ஒரு பட்டியல், அதில் ஒன்றைத் தட்டினால் வரும் பக்கத்தின் அடியில். கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம்.

அங்கே முன்மேசையில் இருக்கும் ரிஸ்வானா சிரித்தாள். "எல்லாரும் கோல் எடுத்துத்தான் கேக்குறாங்க மிஸ். சைட்டப் பாத்தேன், ஒண்டும் வெளங்கல்லண்டு."

நாளை கொட்டாஞ்சேனை, அக்கா வீடு. தளத்தை அவளிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அவள் மகன் தருணுக்கு கிறீம் பிஸ்கட். மறக்கக்கூடாது.

ஒக்டோபர் 15, புதன்

பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். தேத்தண்ணி, வடை. தருண் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜன்னலைத் திறக்கச் சொன்னான். சொன்னான் என்றா எழுதினேன்? கையால் காட்டினான். மூன்றரை வயதாகிறது, ஒரு சொல்லும் இல்லை.

சோதனை. அக்காவின் கையில் ஃபோன். "ஒரு பிள்ளைக்கு நேரம் எடுக்கவேணும். தேடு பாப்பம்." இதில் எனக்கு ஒரே விதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. தேடுகிறவருக்கு உதவக்கூடாது.

அக்கா தேடவே இல்லை. நேராக 'சேவைகள்', ஐந்தாவது வரி. பேச்சு மொழி நோய்க்குறியியல். அங்கே விரல் நின்றுவிட்டது.

"இதுதானே. இதுக்கு அங்கால நான் போறேல்லை."

"முந்தியும் பாத்தனியோ?" விதி போயிற்று.

"நாலஞ்சு தரம். அவர் வேலைக்குப் போனாப் பிறகு." ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "என்ர பிள்ளைக்கு நோய் இல்லையடி."

"நீயும் சொன்னனீதானே, எங்கட வீட்டு ஆம்பிளையள் பிந்தித்தான் கதைக்கிறவை எண்டு" என்றாள். ஓம், சொன்னேன். போன வருஷமும் சொன்னேன், இந்தச் சித்திரைக்கும் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. வெட்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 16, வியாழன்

இடி, நல்ல மழை. அரை நாள் ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கோல் எடுக்கும் தாய்மார் கேட்பதை அப்படியே எழுதினேன்:

பிள்ளை இன்னும் கதைக்கேல்லை, உங்கட இடம்தானோ?
புள்ள பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குதில்ல.
அம்மாண்டு கூட சொல்றானில்ல மிஸ்.
எத்தனை மணிக்கு வரலாம்?

நோய்க்குறியியல் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பதினான்கை நான்காக்கினேன். முதலாவது: 'பிள்ளை இன்னும் கதைக்கவில்லையா?' அதைத் தட்டினால் நேரம் எடுக்கும் படிவம். நடுவில் ஒன்றுமில்லை.

நிலையத்தை நடத்தும் டொக்டர் மெடம் முகம் சுளித்தா. "இதென்ன, வீட்டில கதைக்கிற மாதிரி. 'பேசவில்லையா' எண்டாவது போடும்."

ரிஸ்வானா குறுக்கே விழுந்தாள். "ஐயோ டொக்டர், யாழ்ப்பாணத்து ஆக்களுக்குப் பேசுறண்டா ஏசுற. புள்ள இன்னும் ஏசல்லயாண்டு கேக்குற மாதிரி இருக்கும்." மூவரும் சிரித்தோம். ஆனால் மெடம் இறங்கி வரவில்லை.

பெயர் சொல்லாமல் சொன்னேன். "ஒரு தாய் நாலஞ்சு தரம் வந்து, நோய் எண்ட சொல்லைக் கண்டு திரும்பிப் போயிருக்கிறா, டொக்டர்."

மெடம் பழைய மெனுவைத் திறந்து ஐந்தாவது வரியைப் பார்த்தா. "அந்தச் சொல்லை நான்தான் அகராதி பாத்துப் போட்டனான்" என்றா. பிறகு, "எத்தனை மாசம் பிந்தினவ அந்தத் தாய்?"

அதை நான் அக்காவிடம் கேட்டிருக்கவில்லை. மெடம் சம்மதித்தா.

ஒக்டோபர் 18, சனி

புது மெனு நேற்றுப் பின்னேரம் ஏறிவிட்டது. என் ஃபோனில் சரி, ரிஸ்வானாவின் பழைய ஃபோனிலும் சரி.

அக்காவிடம் சொல்லவா? சொன்னால் தள்ளுவது போலாகும். சொல்லாவிட்டால் அவள் ஏன் திரும்பப் போய்ப் பார்க்கப்போகிறாள்? மூன்று தரம் எழுதி அழித்தேன். கடைசியில் இணைப்பை மட்டும் அனுப்பினேன், 'மாத்தியாச்சு' என்று ஒரு சொல்லோடு. நீல டிக் வந்தது. பதில் இல்லை.

வீட்டைக் கூட்டினேன். கூட்டிய வீட்டை இன்னொரு தரம் கூட்டினேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. காலி வீதியில் கால் வைக்க இடமில்லை. மீன் இல்லை, கத்தரிக்காய் மட்டும் வாங்கினேன்.

பதினொரு மணிக்கு அக்கா கோல் எடுத்தாள்.

"வாற சனி பத்தரைக்கு எடுத்திருக்கிறன். சரியா வந்திட்டுதோ எண்டு பார். படம் அனுப்பினனான்."

"அத்தானுக்குச் சொன்னனியோ?"

"ஓம். அவரும் அந்த முதல் வரியைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தால தானே தட்டினார்." மூக்கை உறிஞ்சினாள். "நீயும் வா."

வருகிறேன் என்றேன். நான் சொன்ன ஆறுதலுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சும்மா இரு" என்று வைத்துவிட்டாள்.

படத்தைத் திறந்தேன். பெயர், வயது எல்லாம் சரி. படிவத்தின் கடைசிக் கேள்வி மெடம் கேட்டுச் சேர்த்தது: பிள்ளைக்கு என்னென்ன பிடிக்கும்?

அக்கா எழுதியிருக்கிறாள்: தண்ணி. லொறி. சுவரில் விழும் வெயில். சித்தி.