மாட்டுக்கு மணிக்கூடு

யூன் 8, திங்கள்

கச்சான் காற்று. மாட்டுக்கொட்டில் தகரம் விடிந்ததிலிருந்து சடசட. 5.30 கறவை. சிவப்பி குறை வைக்கவில்லை, பால் கான் நிறையத் தந்தாள்.

6.15 பால் சென்ரர். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். செயலாளர் நவரத்தினம் அண்ணை மெசினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொழுப்பு இரண்டு புள்ளி ஆறு. போன மாதம் நாலுக்குக் கிட்ட.

"என்ன சுபா, கிணத்தில தண்ணி கூடிப்போச்சோ?"

எல்லோரும் சிரிப்பு. பால் முழுவதும் திரும்ப என் கையில். இன்னொரு தரம் இப்படி வந்தால் பெயரை வெட்டுவாராம்.

பதினொரு வருடமாய் அங்கே பால் கொடுக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிருந்தால் இந்தக் கை அழுகிப்போகட்டும். இனி அண்ணையும் இல்லை, அவரும் இல்லை. அவன்.

யூன் 9, செவ்வாய்

வாங்க: தவிடு, சவர்க்காரம், கொட்டிலுக்கு பல்ப்.

சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் இன்றைக்குப் பால் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார். ஒரே நாளில் கப்பல்துறை ஊர் முழுக்கக் கதை.

கட்டாரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் கோல் எடுத்தார். விடப்பா, வேறு ஆளுக்குக் கொடு என்றார். விடுவதா? வரிசையில் நின்றது நானல்லவா.

அதே இடம், அதே ஆட்கள். அவன் வாயாலேயே என் பால் சுத்தம் என்று சொல்ல வேண்டும். அதுவரை சென்ரருக்குப் பால் இல்லை.

யூன் 11, வியாழன்

பிடித்துவிட்டேன்.

விற்காத பாலைத் தயிராக்கினேன். ஒரு சட்டி காலைப் பால், ஒரு சட்டி மத்தியானப் பால். காலைத் தயிர் தளதளவென்று நீராய். மத்தியானத் தயிரில் விரல் தடிப்புக்கு ஆடை. மாடு ஒன்று, புல்லும் ஒன்று.

இருந்து யோசித்தேன். முன்பெல்லாம் பின்னேரக் கறவை நாலரைக்கு. இந்த மாதம் திருகோணமலையில் விடுதிக் குசினி வேலை, இரண்டு மணி பஸ். அதனால் ஒரு மணிக்கே கறக்கிறேன். ஒரு மணியிலிருந்து விடியும்வரை மடி நிரம்பிக்கொண்டே கிடக்கிறது. பால் கூட, கொழுப்பு குறைவு. சிவப்பிக்கும் விடிய மடி கல்லாய் இருக்கும், பாவம்.

மாட்டு டொக்டருக்குக் கோல். நான் நினைத்தது சரியாம். இடைவெளி நீண்டால் அப்படித்தானாம். தண்ணீர் கலந்த பாலென்றால் மெசினில் கொழுப்புக்குக் கீழே காட்டும் இரண்டாவது இலக்கமும், பாலின் அடர்த்தி, விழ வேண்டுமாம். அவன் அதைப் பார்ப்பதே இல்லை!

வேலைக்குப் போகும் வழியில் அவனிடம் எல்லாம் சொன்னேன். எருமையில் மழை பெய்தமாதிரி இருந்தான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"நேரம் பாக்க மாட்டுக்கு மணிக்கூடு கட்டியிருக்கிறீரோ?"

இரு. கட்டிக் காட்டுகிறேன்.

யூன் 12, வெள்ளி

அவன் வீட்டிலும் ஒரு மாடு. கறப்பது மனைவி தவமணியக்கா, நாள் தவறாமல் பின்னேரம் நாலரைக்கு. காலைப் பாலைச் சென்ரருக்குக் கொண்டுவருவதும் அவர்தான்.

விடுதியில் கலியாண ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நாளையிலிருந்து மூன்று நாள் இடியப்பம் பிழிய ஆள் தேடினார் மனேஜர். தவமணியக்காவைக் கேட்டேன். முகம் மலர்ந்துபோனது. அவனும் போகச் சொன்னானாம். மாட்டை என்ன செய்கிறது என்று கேட்டார். ஒரு மணிக்குக் கறந்துவிட்டு என்னோடு பஸ் ஏறுங்கோ என்றேன். குரலில் அவ்வளவு சீனி.

நல்ல மனுசி. எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

யூன் 13, சனி

அக்கா சொன்னபடி ஒரு மணிக்குக் கறந்துவிட்டு வந்தார். பஸ்ஸில் இடமில்லை, நின்றபடி. வழி முழுக்கப் பகிடியும் சிரிப்பும். வீட்டை விட்டுத் தனியாய் வெளிக்கிட்டு எத்தனை வருடமாம். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

யூன் 14, ஞாயிறு

புண்ணாக்கு வாங்குகிற சாட்டில் 6.15க்கே சென்ரர். அக்காவின் கான் வந்தது. அவன் மெசினைத் தட்டினான். திரும்பவும் தட்டினான். பின்னால் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்து இலக்கத்தைச் சொல்லிவிட்டாள். இரண்டு புள்ளி ஏழு.

வரிசை முழுக்க அவனைப் பார்த்தது. என் வயிறு குளிர்ந்தது. அனுபவி ராசா என்று மனதுக்குள் சொன்னேன்.

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நீயும் தண்ணி விட்டனியோடி?"

கட்டின மனுசியை. அத்தனை பேருக்கு முன்னால். அக்கா கான் மூடியைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார். புண்ணாக்கை வாங்காமலே வந்துவிட்டேன்.

பின்னேரம் குசினியில் அக்கா இடியப்ப உரலைப் பிழிந்தபடி, என்னைப் பார்க்காமல்:

"ஒரு மணிக்குக் கறக்கச் சொன்னது தெரிஞ்சுதானோ, சுபா?"

"ஓம்."

பொய் வரவில்லை. தயிர்ச் சட்டி, டொக்டர், மணிக்கூடு, எல்லாம் சொன்னேன். கையிலிருக்கும் உரலால் என் மண்டையில் போடுவார் என்று நினைத்தேன். நாலு தட்டுப் பிழிந்து முடித்தார்.

"இருவது வருசமா அந்த மனுசன்ர மாட்டைக் கறக்கிறன். ஏன் குறைஞ்சது எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. கள்ளி எண்டிட்டார்." பிறகு என்னைப் பார்த்தார். "இண்டைக்கும் ஒரு மணிக்குத்தான் கறந்தனான். நாளைக்கும் குறையத்தானே காட்டும்?"

காட்டும் என்றேன்.

"அப்ப நீரும் கானோட வாரும். அந்த ரெண்டாவது இலக்கம் எங்க நிக்கும் எண்டு இப்பவே சொல்லித்தாரும்."

யூன் 15, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம். 6.10. அக்கா முன்னால், நான் பின்னால்.

இரண்டு புள்ளி ஆறு. அவன் வாயைத் திறக்குமுன் அக்கா விரலை மெசினில் வைத்தார். இது விழவில்லை, தண்ணீரென்றால் இதுவும் விழவேண்டும், டொக்டருக்குக் கோல் எடுக்கட்டோ என்று கேட்டார். சத்தம் போடவில்லை. ஆனால் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும்.

அவன் வரிசையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். பாலில் பிழையில்லை, கறந்த நேரம்தான் என்றான். அக்கா பாலை ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். வீட்டுக்குப் போகவில்லை.

என் முறை. எனக்கும் இரண்டு புள்ளி ஆறுதான். ஒன்றும் பேசாமல் கானுக்குக் கை நீட்டினான். நான் மூடியை அமத்திப் பிடித்தேன்.

"எனக்கும் சொல்லுங்கோ."

பின்னால் ஆட்கள் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார்கள். போகட்டும்.

என் பாலும் சுத்தம் என்று சொன்னான். பிறகுதான் கையை எடுத்தேன்.