எலிப்படை அத்தையைப் பார்க்க வந்தது

அன்பு மருமகள் மிஷேலுக்கு,

ஜொகூர் முழுக்கத் தேடினாலும் நம்புவதற்கு ஓர் ஆள் கிடைக்காத கதையைச் சொல்கிறேன். சத்தியம்.

நேற்று உன் ஸ்கூடாய் ஆய்வுக்கூடத்து எலிகள் நாலு லட்சம் பேர் பஸ் பிடித்து, அத்தை இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தன. எருமை அளவிலிருந்த தலைமை எலி டாக்டரை அதட்டியது.

"அந்த மூச்சு மெஷின பெருசா ஊத விடாதீங்க லா. நுரையீரல் புண்ணாயிடும். எங்க மேல ஊதிப் பார்த்துத்தான் கத்துக்கிட்டீங்க."

"சின்னச் சின்ன மூச்சாத்தான் வைக்கப்போறோம், பாஸ்," என்று டாக்டர் சலாம் போட்டார்.

தொண்டையில் குழாய் போடக் காத்திருந்த அத்தை அதைக் கேட்டாள். "எலியக் கொல்ற கையோட என் வீட்டுப் படி ஏறாத" என்று உன்னை விரட்டியவள் அல்லவா? "மிஷேல வரச் சொல்லுங்க" என்றாள்.

நான் ராஜா மாதிரி இருக்கிறேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலும் கீழும் நடக்கிற இந்த நடையில் சிகாமட் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

நேற்றுப் போட்ட குழாயை நாளைக் காலை எடுத்துப் பார்ப்பார்களாம். அவளே மூச்சு விடுவாளா என்று தலைமை எலியைக் கேட்டேன். அது மீசையைத் தடவியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

எலியும் பஸ்ஸும் சலாமும் நான் விட்ட புளுகு. குழாயும், அத்தை உன்னைக் கூப்பிட்டதும் உண்மை, மிஷேல்.

இப்படிக்கு,
உன் மாமா